அல்கலைன் பாஸ்பட்டேஸ் கூடினால் எலும்பில் புற்றுநோயா?

"அம்மாவுக்கு எலும்புக்குப் பரவிவிட்டதா, டாக்டர்?" அறிக்கையை நீட்டிய மகளின் கை நடுங்கியது. அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இப்போது அல்கலைன் பாஸ்பட்டேஸ் 210. அந்த ஆய்வகத்தின் உச்ச வரம்பு 120. இரவெல்லாம் இணையத்தில் தேடிவிட்டுத் தூங்காமல் வந்திருந்தார்.

எலும்பைக் கட்டும் செல்கள் சுரக்கும் நொதி இது. கல்லீரலும் இதைச் சுரக்கிறது. அதனால் முதலில், கல்லீரல் பாதிப்பில் ஏறும் இன்னொரு நொதியான ஜி.ஜி.டி. பார்த்தோம். அது இயல்பாக இருந்ததால் கல்லீரல் மீது சந்தேகம் குறைந்தது. வைட்டமின் டி மிகவும் தாழ்ந்திருந்தது. அந்தக் குறைபாடும் இந்த நொதியை உயர்த்தும். ஆனாலும் புற்றுநோய் வந்தவர் என்பதால் அத்துடன் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. எலும்பு ஸ்கேன் (bone scan) எடுத்தோம். எலும்புகளில் பரவல் தெரியவில்லை. வைட்டமின் டி கொடுத்த சில மாதங்களில் நொதியும் இறங்கியது.

இதன் மறுபக்கம்தான் எனக்குக் கூடுதல் கவலை. எலும்பு மஜ்ஜையில் தோன்றும் புற்றுநோயான மைலோமாவில் எலும்பு அரிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். கட்டும் செல்களோ முடங்கிக் கிடக்கும். அதனால் இந்த நொதி பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். 'ரத்தத்தில் ஒன்றுமில்லை' என்று நம்பி, மாதக்கணக்கில் முதுகுவலிக்குத் தைலம் தேய்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புராஸ்டேட் புற்றுநோய் இதற்கு நேரெதிர். அது பரவிய இடத்தில் எலும்பு தாறுமாறாகக் கட்டப்படும், நொதியும் ஏறும். புதிதாக நோய் கண்டறியப்பட்டவருக்கு பி.எஸ்.ஏ. (ரத்தத்தில் பார்க்கப்படும் புராஸ்டேட் புரதம்) 20-ஐத் தாண்டினால் வலி இல்லாவிட்டாலும் எலும்பு ஸ்கேன் எடுப்போம். ஹார்மோன் சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களில் நொதி இன்னும் கூடலாம். எலும்பு ஆறுவதாலும் அப்படி நேரும். அதைக் கண்டு பயந்து சிகிச்சையை விட்டுவிடாதீர்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது ரத்தத்தில் கால்சியம் ஏறுவதற்கு. அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், சோர்வு, பிதற்றல். 'வயதாகிவிட்டது, அதனால்தான்' என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். புற்றுநோயாளிக்கு இப்படி இருந்தால் அன்றே கால்சியம் பார்க்க வேண்டும், கூடவே ரத்தத்தில் கால்சியத்தைச் சுமக்கும் புரதமான அல்புமினும். அல்புமின் குறைந்திருந்தால் மொத்தக் கால்சியம் உண்மை நிலையைவிடக் குறைவாகக் காட்டும். நேரத்தோடு வந்தால் சலைன் ஏற்றியும் ஊசி போட்டும் இறக்கிவிடலாம்.

முதுகுவலியோடு கால் மரத்துப்போனாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ எந்த ரத்தப் பரிசோதனைக்கும் காத்திருக்காதீர்கள். தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருக்கலாம். எம்.ஆர்.ஐ. வசதி உள்ள மருத்துவமனைக்கு அப்போதே கிளம்புங்கள்.