பக்கத்து சீட்டுக்கு இருட்டு, பின்னால் நிற்பவருக்கு வெளிச்சம்

மொபைல் கடையில் 'பிரைவசி கிளாஸ்', அதாவது பக்கத்தில் இருப்பவர் திரையைப் பார்க்காமல் தடுக்கப் போன்மேல் ஒட்டும் கண்ணாடி, கேட்டால் கடைக்காரர் ஒரு சின்ன வித்தை காட்டுவார். கண்ணாடியை ஒரு போன் மேல் வைத்து, போனை இடப்பக்கமாகத் திருப்புவார். திரை கறுத்துப்போகும். நேராக்கினால் படம் திரும்ப வரும். வலப்பக்கம் திருப்பினாலும் அதேதான். பார்த்தவர் உடனே பர்ஸை எடுத்துவிடுவார். போனை மேலும் கீழுமாகச் சாய்த்து மட்டும் கடைக்காரர் காட்ட மாட்டார். ஏன் என்று தெரிய வேண்டுமானால் அந்தக் கண்ணாடிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

உள்ளே பேட்டரி, சர்க்யூட் எதுவும் கிடையாது. ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம், அதற்குள் வரிசையாக நிற்கும் கறுப்புச் சுவர்கள், அவ்வளவுதான். ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் எட்டு, பத்து, சில படலங்களில் அதற்கு மேலும் நிற்கும். அதனால் கண்ணுக்குத் தெரியாது. ராமேஸ்வரம் கோயில் பிரகாரத்தில் நடந்தவர்களுக்கு இதன் வேலை எளிதில் புரியும். தூண் வரிசைக்கு நேர் எதிரே நின்றால் இரண்டு தூண்களுக்கு நடுவே அந்தப் பக்கம் முழுக்கத் தெரிகிறது. தள்ளி நின்று சாய்வாகப் பார்த்தால் தூணோடு தூண் ஒட்டிக்கொண்டு சுவராகிவிடுகிறது. திரையிலிருந்து நேராக வரும் ஒளி இடைவெளி வழியே வெளியே வருகிறது. சாய்வாகக் கிளம்பும் ஒளி கறுப்பில் மோதி அங்கேயே முடிந்துவிடுகிறது.

எந்தக் கோணத்தில் இருட்ட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ஒரே ஒரு விகிதம்: சுவரின் உயரம், அடுத்த சுவருக்கான இடைவெளியைப் போல எத்தனை மடங்கு? பொதுவாக இருபக்கமும் 30 டிகிரிக்கு மேல் மறைய வேண்டும் என்று செய்வார்கள். பிளாஸ்டிக்கை விட்டு வெளியே வரும்போது ஒளி வளைகிறது என்பதையும் இங்கே கணக்கில் சேர்க்க வேண்டும். வெளியே 30 டிகிரியில் தெரியும் கதிர், படலத்துக்குள் சுமார் 19.5 டிகிரியில்தான் போய்க்கொண்டிருந்தது. அதை மறிக்க, சுவர் இடைவெளியைப் போல ஏறக்குறைய 2.8 மடங்கு உயரம் இருக்க வேண்டும். இன்னும் உயர்த்தினால் இன்னும் குறுகலாக மறைக்கும், ஆனால் நாமே தலையை அசைக்காமல் உட்கார வேண்டியிருக்கும்.

இவ்வளவு நுணுக்கமான சுவர்களை எப்படிக் கட்டுகிறார்கள்? இந்தத் துறையில் பழைய கை 3எம் நிறுவனம். அவர்களுடைய பழைய முறை எனக்கு மிகவும் பிடித்தது. தெளிவான பிளாஸ்டிக் தாள் ஒன்று, கறுப்புத் தாள் ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கி, சூடாக்கி அழுத்தி ஒரே கட்டியாக்குவார்கள். பிறகு அந்தக் கட்டியை அடுக்குகளுக்குக் குறுக்காக மெல்லிசாகச் சீவுவார்கள். சீவி எடுத்த ஏட்டில் கறுப்பு அடுக்குகள் சுவர்களாக நிற்கும். பின்னால் வந்த முறையில் அச்சு வைத்துத் தெளிவான பிசினில் நுண்ணிய பள்ளங்களை உருவாக்கி, அவற்றில் கரி கலந்த மையை நிரப்புகிறார்கள். கார் டேஷ்போர்டு வெளிச்சம் இரவில் முன்கண்ணாடியில் பிரதிபலிக்காமல் தடுக்கவும் இதே படலம் பயன்பட்டிருக்கிறது.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். எல்சிடி திரை வந்த புதிதில் பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மாறி, மங்கித் தெரியும். அந்தக் குறையைப் போக்கப் பொறியாளர்கள் படாத பாடுபட்டார்கள். கடைசியில் பக்கவாட்டிலும் தெளிவாகத் தெரியும் 'ஐபிஎஸ்' வகை எல்சிடி திரைகள் வந்து, '178 டிகிரி பார்வைக் கோணம்' என்று பெட்டியிலேயே பெருமையாக அச்சடித்தார்கள். அதற்கும் காசு கொடுத்தோம். இப்போது அதை மறைக்க இன்னொரு தரம் கொடுக்கிறோம்.

சரி, பேருந்துக்குள் போவோம். மடியருகே போனை வைத்திருக்கிறீர்கள். பக்கத்து சீட்டுக்காரரின் கண் உங்கள் கண்ணிலிருந்து 45 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது, திரை உங்களிடமிருந்து 30 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். அவர் பார்க்கும் கோணம் 56 டிகிரி. அவருக்குக் கறுப்புதான். இப்போது உங்கள் தோளுக்குப் பின்னால் நிற்பவரைப் பாருங்கள். பக்கவாட்டில் 20 சென்டிமீட்டர் விலகல், திரையிலிருந்து 65 சென்டிமீட்டர் தூரம். அவருடைய கோணம் வெறும் 17 டிகிரி. இருட்டு 30-இல் திடீரென்று விழுவதில்லை, நேர்க்கோட்டிலிருந்து விலக விலகப் படிப்படியாகத்தான் ஏறுகிறது. கணக்குப் போட்டால், உங்களுக்கு வரும் ஒளியில் 44 சதவீதம் அவருக்கும் போகிறது. பாதி வெளிச்சத்தை நம் கண் பெரிய குறையாகவே எடுத்துக்கொள்ளாது. உங்கள் வங்கி இருப்பை அவர் சௌகரியமாகப் படிக்கலாம்.

மேலிருந்து பார்ப்பவருக்கு இந்தத் தடையும் இல்லை. சுவர்கள் திரையின் நெடுக்கில் நிற்கின்றன, எனவே இட வலமாகத்தான் மறைக்கும். மேல் கீழாகத் திறந்த வீடு. கடையில் கவுன்ட்டருக்கு மேலே தொங்கும் சிசிடிவி, உங்கள் தலைக்குப் பின்னால் நேர்க்கோட்டில் இருந்தால், உங்களைப் போலவே திரையைப் பார்க்கும். படம் பார்க்கப் போனைக் கிடையாகத் திருப்பினால் இன்னும் மோசம்: சுவர்களும் கூடவே படுத்துவிடுவதால் இரண்டு பக்கத்து ஆட்களும் உங்களோடு சேர்ந்து பார்க்கலாம்.

இரண்டு படலங்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி நாலு பக்கமும் மறைக்கும் வகையும் கிடைக்கிறது. ஆனால் ஒளிக் கணக்கு இடிக்கும். கறுப்புச் சுவரின் தலைப்பகுதியும் இடத்தை அடைக்கிறது அல்லவா? ஒரு படலத்திலேயே நேர் ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. பழைய வெளிச்சம் வேண்டுமானால் திரையை ஒன்றரை மடங்கு கூட்ட வேண்டும், பேட்டரி அதற்குப் பதில் சொல்லும். இரண்டு படலம் என்றால் பாதிக்கும் கீழேதான் மிஞ்சும். வெயிலில் யுபிஐ பின் போடும்போது நீங்களே திரையைத் தேடுவீர்கள்.

பின் நம்பரைப் பொறுத்தவரை எந்தக் கண்ணாடியும் அரைக் காவல்தான். எண்பலகையில் ஒன்று எங்கே, ஒன்பது எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். திரை கறுப்பாக இருந்தாலும் விரல் போகும் இடம் தெரிகிறது. அங்கே இன்னொரு கையைக் குடை போலக் கவிழ்ப்பதற்கு ஈடான சாதனத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

2016-இல் எச்பி நிறுவனம், 3எம் உடன் சேர்ந்து, பொத்தானை அழுத்தினால் மட்டும் பக்கவாட்டை இருட்டாக்கும் லேப்டாப்பைக் கொண்டுவந்தது. வேண்டாதபோது அணைத்துவிடலாம் என்பது பெரிய வசதி. ஒட்டுக் கண்ணாடியில் அது முடியாது.

ஆகவே ஒட்டுவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். கண்ணாடியை மட்டும் கையில் வாங்கி, கடையின் டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்து முதலில் இட வலமாகத் திருப்புங்கள், அப்புறம் மேல் கீழாகச் சாயுங்கள். ஒரு திசையில் மட்டும் கறுத்தால் இருபக்க வகை, இரண்டிலும் கறுத்தால் நாலுபக்க வகை. உங்கள் போனில் கைரேகை சென்சார் திரைக்கு அடியில் இருந்தால், கண்ணாடியை மேலே வைத்துப் பூட்டு திறக்கிறதா என்றும் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.