ஜெனரேட்டரும் ஊஞ்சல்தான் ஆடுகிறது

2020 ஏப்ரல் 5, இரவு ஒன்பது மணி. ஊரடங்கு நேரத்தில் நாடே விளக்கை அணைத்துவிட்டு அகல் ஏற்றிய அந்த ஒன்பது நிமிடம் பலருக்கு நினைவிருக்கும். நாம் மொட்டைமாடியில் நின்றுகொண்டிருந்தபோது மின் தேவை சுமார் 31,000 மெகாவாட் மளமளவென்று சரிந்தது. நீர்மின் நிலையங்கள் மட்டும் 17,000 மெகாவாட்டுக்கு மேல் குறைத்துக்கொண்டு, விளக்குகள் திரும்ப எரிய ஆரம்பித்ததும் பழையபடி ஏற்றிவிட்டன. அசம்பாவிதம் எதுவும் இல்லை, அதனால் யாரும் அதைப் பெரிதாகப் பேசவும் இல்லை.

தேவை சட்டென்று குறைந்தால் என்ன ஆகும்? டர்பைனுக்குள் நீராவி அதே வேகத்தில்தான் வந்துகொண்டிருக்கும், மிஞ்சுகிற ஆற்றல் ரோட்டாரின், அதாவது ஜெனரேட்டருக்குள் சுழலும் பாகத்தின், வேகத்தில் போய்ச் சேரும். அனல்மின் நிலைய ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3,000 சுற்று, அதாவது நொடிக்கு 50. நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் அதுதான். தேவை கூடினால் வேகம் இறங்கும், குறைந்தால் ஏறும். இதைக் கவனித்து வால்வைத் திறந்து மூடுவது கவர்னர்.

ஆனால் எல்லா கவர்னரையும் '50-ஐ விடாதே' என்று பிடிவாதமாக வைத்தால் ஒன்றோடொன்று சண்டை போடும். ஒன்று சுமை முழுவதையும் தன் தலையில் ஏற்றிக்கொள்ளும், இன்னொன்று கைகழுவிவிடும். அதனால் ஒவ்வொன்றையும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிற மாதிரி வைக்கிறார்கள்: வேகம் 5 சதவீதம் இறங்கினால்தான் வால்வு முழுசாகத் திறக்கும் என்பது போல. பெரிய மெஷின் பெரிய பங்கு, சின்னது சின்னப் பங்கு என்று, யாரும் யாருக்கும் போன் பண்ணாமலே சுமை பிரிந்துவிடுகிறது.

சரி, இது சுலபமான பாதி.

கிரிட்டில், அதாவது எல்லாவற்றையும் இணைக்கிற மின்வலையில், சேர்ந்த ஜெனரேட்டர்கள் எல்லாம் ஒரே தாளத்தில் சுற்றினாலும் ரோட்டார்கள் ஒரே கோணத்தில் இருப்பதில்லை. அதிகம் தள்ளுகிற மெஷின், ரப்பர் கயிறு கட்டி இழுக்கிற ஆள் மாதிரி, சற்று முன்னால் இருக்கும். முன்னால் போகப் போகக் கயிறு இறுகும், மின்சாரமும் கூடும். 90 டிகிரி வரைக்கும்தான் இந்தக் கதை. அதைத் தாண்டினால் கயிறு இறுகுவதற்குப் பதில் தளரும், மெஷின் தாளம் தப்பிவிடும். பக்கத்து லைனில் இடி விழுந்து ஷார்ட் ஆனால் ஜெனரேட்டரால் மின்சாரத்தை வெளியே தள்ள முடியாது, நீராவியோ விடாது, ரோட்டார் முன்னால் ஓடும். 400 கிலோவோல்ட் லைன் என்றால் பிரேக்கர் 0.1 நொடிக்குள் அதை வெட்டிவிட வேண்டும். ரோட்டார் ஐந்து சுற்று சுற்றுகிற நேரம், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் கைகொடுப்பது ஏவிஆர், அதாவது ஜெனரேட்டரின் மின்னழுத்தத்தைத் தானாகச் சீராக வைக்கும் கருவி. மின்னழுத்தம் விழுந்ததும் ரோட்டார் சுருளுக்கு மின்னோட்டத்தை ஏற்றி, காந்தத்தை வலுவாக்கி, கயிற்றை இறுக்கிப் பிடிக்கும். எவ்வளவு வேகமாகச் செய்கிறதோ அவ்வளவு நல்லது என்றுதான் முதலில் தோன்றும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயமே இங்கேதான் வருகிறது: ரோட்டார் ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடுகிறபோது, முதல் ஆட்டத்தில் காப்பாற்றுகிற அதே வேகமான ஏவிஆர், அடுத்தடுத்த ஆட்டங்களைப் பெரிதாக்கவும் கூடும். சுருளில் மின்னோட்டம் ஏற நேரம் பிடிக்கும். அதற்குள் ரோட்டார் மறுபக்கம் திரும்பியிருக்கும். நிறுத்த வேண்டிய ஊஞ்சலை, நேரம் தப்பித் தள்ளிவிட்ட கதை.

இதற்கு மருந்து, பவர் சிஸ்டம் ஸ்டெபிலைசர் என்ற சின்ன மின்சுற்று. அது ரோட்டாரின் வேகத்தைப் பார்க்கும். முன்னால் ஓடுகிறதா, தாமதத்தையும் கணக்கில் சேர்த்து 'இப்போதே காந்தத்தைக் கூட்டு' என்று ஏவிஆருக்குச் சொல்லும், பின்தங்கினால் குறைக்கச் சொல்லும். அப்புறம் ஆட்டம் தானாக அடங்கும்.

அடங்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 1996 ஆகஸ்ட் 10 அன்று மேற்கு அமெரிக்கா பார்த்தது. கடும் வெயில், ஓரிகனில் லைன்கள் தொய்ந்து மரத்தில் பட்டன. கொலம்பியா ஆற்றின் மெக்நாரி அணையில் 13 ஜெனரேட்டர்கள், காந்தத்துக்கு மின்னோட்டம் தரும் கருவியின் கோளாறால் வரிசையாக விழுந்தன. நான்கு நொடிக்கு ஒருமுறை என்று கிரிட் ஆட ஆரம்பித்து, ஆட்டம் பெருகிப் பெருகி, கடைசியில் நான்கு துண்டாக உடைந்தது. சுமார் 75 லட்சம் இணைப்புகள் இருட்டில்.

பிறகு பொறியாளர்கள் அதே சம்பவத்தைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தார்கள். திரையில் ஆட்டம் சமர்த்தாக அடங்கிவிட்டது. ஃபைலில் இருந்த ஜெனரேட்டர்களின் கணக்கு ஒன்று, நிஜ மெஷின்கள் நடந்துகொண்ட விதம் வேறு. அப்புறம் அந்தப் பகுதியின் பெரிய ஜெனரேட்டர்களை நேரில் சோதித்துக் கணக்கைத் திருத்த வேண்டியதாயிற்று.