நிறுவிய போஸ்ட்கிரெஸை மூல நிரலின் சோதனைகளால் உரசிப் பார்ப்பது எப்படி?

“போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளை ரெடிமேட் பேக்கேஜாக நிறுவியிருக்கிறேன். மூல நிரலோடு வரும் சோதனைகளை இதன்மேல் ஓட்ட முடியுமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தாராளமாக.

‘மேக் செக்’ என்ற கட்டளை, புதிதாகக் கம்பைல் செய்த நிரலைத் தற்காலிகமாக நிறுவி, தனி சர்வரைக் கிளப்பிச் சோதிக்கும். ‘மேக் இன்ஸ்டால்செக்’ ஏற்கெனவே ஓடும் சர்வரிடம் போகும். நமக்கு வேண்டியது இதுதான். பேக்கேஜின் அதே பதிப்பின் மூல நிரலும் சூப்பர்யூசர் (முழு அதிகாரமுள்ள பயனர்) உரிமையும் தேவை. ‘ரிக்ரெஷன்’ என்ற பெயரில் தரவுத்தளம் இருந்தால் கேட்காமல் அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கும், ஆகவே நிஜத் தரவு உள்ள சர்வரில் ஓட்டாதீர்கள்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? எஸ்க்யூஎல் (தரவுத்தளக் கட்டளை மொழி) கோப்பை ஓட்டி, வரும் விடையை, முன்பே சேமித்துவைத்த விடைக் கோப்போடு வரிவரியாக ஒப்பிடுகிறது. அவ்வளவுதான்! எது சரி என்று அதற்குத் தெரியவே தெரியாது. அச்சு அசலாக ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்க்கும். அதனால்தான் சர்வர் உலகில் எங்கிருந்தாலும், சோதனை நேரத்தில் அமெரிக்கப் பசிபிக் நேரத்தையே வைத்துக்கொள்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது, ஒரே சோதனைக்குப் பல ‘சரியான’ விடைகள் இருக்கலாம் என்பது. சின்ன ‘ஏ’-வுக்கு முன்னால் வரும் எழுத்துகளைக் கேட்டால், ‘சி’ லொகேலில் (எழுத்து வரிசை போன்றவற்றை மொழி, நாட்டுக்கேற்பத் தீர்மானிக்கும் அமைப்புதான் லொகேல்) பெரிய ‘ஏ’ வரும். வேறு பல லொகேல்களில் வராது. இரண்டுக்கும் தனித்தனி விடைக் கோப்பு உண்டு. எதனோடு ஒத்துப்போனாலும் தேர்ச்சிதான். எதனோடும் ஒத்துப்போகாவிட்டால், வித்தியாசம் குறைவான கோப்பை எடுத்துக் காட்டும். அதைப் படிக்காமல், ‘இன்னொரு தடவை ஓட்டினால் சரியாகிவிடும்’ என்பது சுத்த மூடநம்பிக்கை.

வரிசைமுறை சின்ன விஷயமில்லை. 2018-இல் வந்த ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி நூலகம்) 2.28, எழுத்து வரிசையையே மாற்றியது. அமெரிக்க ஆங்கில லொகேலில் முன்பு ‘11’-க்குப் பின்னால் நின்ற ‘1-1’ அதற்கு முன்னால் வந்துவிட்டது. போஸ்ட்கிரெஸில் ஒரு பைட்டும் மாறவில்லை, ஆனால் பழைய இன்டெக்ஸ்கள் (தேடலுக்காக வரிசைப்படுத்தி வைத்த பட்டியல்கள்) தப்பாகிப்போயின. இன்ஸ்டால்செக் இதைப் பிடிக்காது, ஏனென்றால் அது தன் இன்டெக்ஸ்களைப் புதிதாக உருவாக்கிக்கொள்கிறது. பழையவற்றைச் சோதிக்க ‘ஏஎம்செக்’ நீட்சியை ஓட்டுங்கள். பழுது தெரிந்தால் ரீஇன்டெக்ஸ் செய்ய வேண்டியதுதான்.