கல்லட்டிக்கு மறுபடி பேர் கொடுத்தவர்களுக்கு

டிசம்பரில் நடக்கும் டூர் ஆஃப் நீலகிரிஸ் மாதிரி, கல்லட்டி ஏற்றம் வரும் பல நாள் சைக்கிள் மலைச் சவாரிகளுக்குப் பேர் கொடுத்தவர்கள், ஆகஸ்டு தாண்டியதும் கோவையில் என் பிசியோதெரபி அறைக்கு வர ஆரம்பிப்பார்கள். முதல் தடவை போகிறவர்கள் கேள்விகளோடு வருவார்கள். சில வருஷம் விட்டுவிட்டு மறுபடி வருகிறவர்கள் வேறு ரகம். குழந்தை பிறந்தது, வேலை மாறியது, கொரோனா வந்தது, சைக்கிள் பால்கனியில் தூசி படிந்து நின்றது. பிறகு ஒருநாள் பழைய நண்பர்கள் வாட்ஸ்அப்பில் உசுப்பிவிட, ராத்திரியோடு ராத்திரியாகப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்து வயிற்றைக் கலக்குகிறது. "முட்டி லேசா வலிக்குது சார்" என்றுதான் பேச்சு தொடங்கும். எழுந்து செருப்பைப் போடும்போது உண்மையான கேள்வி வரும்: "போலாங்களா, இல்ல உட்றலாங்களா?"

அந்தத் தயக்கத்தை நான் வெறும் பயம் என்று தள்ளிவிடுவதில்லை. சொல்லப்போனால், தயக்கமே இல்லாமல் வருகிறவரைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. புதியவருக்கு வலித்தால் இறங்கிவிடுவார். பழைய ஆளுக்கு வலியை விழுங்கிக்கொண்டு ஏறும் வித்தை தெரியும். உடம்பு விட்டுப்போனாலும் அந்த வித்தை மட்டும் விட்டுப்போவதில்லை.

உள்ளே நடப்பது இதுதான். மிதிப்பதை நிறுத்தினால் சில நாள்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைய ஆரம்பிக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் இரத்தம் குறையும். வாரங்கள் மாதங்களாகும்போது, தசைக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனும் இறங்கும். மறுபடி தொடங்கினால் இதெல்லாம் ஓரளவு வேகமாகவே திரும்பி வரும். இரண்டு மாத ஒழுங்கான பயிற்சியில் மூச்சு வாங்குவது குறைந்து, "பழைய ஃபார்ம் வந்துடுச்சு" என்ற நினைப்பு வந்துவிடும். தசையை எலும்போடு கட்டும் தசைநாண்களுக்கோ இரத்த ஓட்டமே கம்மி. பாரத்துக்கு அவை பழக மாதக்கணக்கில் ஆகும். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இன்னும் நிதானமாகத்தான். மூச்சு தயாராகி, முட்டி தயாராகாத அந்த இடைவெளியில்தான் என்னிடம் வரும் காயங்களில் பெரும்பாலானவை விழுகின்றன.

கல்லட்டியை எடுத்துக்கொள்வோம். மசினகுடிப் பக்கமிருந்து ஊட்டிக்கு ஏறும் ரோடு, 36 கொண்டை ஊசி வளைவுகள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம். வெளியூர் வண்டிகள் அதில் இறங்கக்கூடாது என்று தடை போடும் அளவுக்குச் செங்குத்து. சராசரியே பத்து சதவீதத்துக்குக் கிட்ட வரும், வளைவுகளில் அதற்கும் மேல்.

பலர் பழைய சைக்கிளை அப்படியே எடுத்து வருகிறார்கள்: முன்னால், மிதியோடு சுற்றும் பல்சக்கரமான செயின்ரிங்கில் 34 பல்; பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கர அடுக்கான கேசட்டில் பெரியது 28 பல். முப்பத்தைந்து வயதில் அது போதுமாக இருந்திருக்கும். இன்று பத்து சதவீத ஏற்றத்தில் மணிக்கு 6 கிலோமீட்டர் போகிறார் என்று வையுங்கள். அந்தக் கியரில் கேடன்ஸ், அதாவது நிமிடத்துக்கு மிதிச்சுற்று, நாற்பதைக்கூடத் தொடாது. நாற்பதுக்குக் கீழே மிதிப்பது சைக்கிள் ஓட்டுவதே இல்லை, ஒவ்வொரு மிதியும் ஒற்றைக்காலில் படியேறுவதுதான். அந்தப் பாரம் முழுவதும் முழங்கால் சில்லுக்குப் பின்னால் போய் அழுத்தும். பின்னால் 34 பல் வைத்த கேசட்டுக்கு மாறினால் அதே வேகத்தில் ஐம்பதை நெருங்கலாம். (கேசட்டை மாற்றும்போது சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றிவிடும் பின் டெரெயிலியர் அதைத் தாங்குமா என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், எல்லா மாடலும் தாங்காது.) "அப்போ 28லயே ஏறினேனே" என்று கௌரவம் பார்ப்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை, மேசைமேல் இருக்கும் கால்குலேட்டரை அவர்கள் பக்கம் தள்ளிவிடுவேன்.

எடை கூடியதைப் பற்றி எல்லோரும் வெட்கப்பட்டுக்கொண்டே சொல்வார்கள். எட்டு கிலோ கூடியிருந்தால், 160 வாட் சக்தியில் ஆயிரம் மீட்டர் உயரம் ஏற எட்டு நிமிடம் போல அதிகம் பிடிக்கும். அவ்வளவுதான். அதற்காகக் கடைசி மாதத்தில் சோற்றை நிறுத்திப் பட்டினி கிடப்பது பெரிய முட்டாள்தனம். நீண்ட சவாரிக்கு அடுத்த நாள் தசை தேறச் சாப்பாடுதான் வேண்டும்.

அறையில் நான் முதலில் பார்ப்பது ஒரு எளிய சோதனை. முக்கால் அடி உயரப் படியில் நிற்கச் சொல்வேன். ஒற்றைக்காலில் நின்றபடி, மற்றக் காலின் குதிகால் தரையைத் தொடும்வரை மெதுவாக இறங்கவேண்டும். நிற்கும் காலின் முட்டி உள்பக்கம் சாய்கிறதா, இடுப்பு ஒரு பக்கம் தொங்குகிறதா என்று பார்ப்பேன். மணிக்கணக்கில் சைக்கிளில் உட்கார்ந்து பழகிய பலர் ஐந்தாவது தடவையிலேயே ஆடிப்போவார்கள். தொடை இரும்பு மாதிரி இருக்கும், இடுப்பின் பக்கவாட்டுத் தசையில் பலமே இருக்காது. இவர்களுக்கு சைக்கிளில் கிலோமீட்டர் கூட்டுவதைவிட, வாரம் இரண்டு நாள் பலப் பயிற்சிதான் முதல் மருந்து. அப்புறம் சீட் உயரம். சில்லுக்கு முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும்; முழங்காலுக்குப் பின்பக்கம் இழுத்தால் உயர்ந்திருக்கலாம்.

இதயத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பழக்கம் விட்ட உடம்பு திடீரென்று கடுமையாக உழைக்கும்போது மாரடைப்பு அபாயம் கூடும். தொடர்ந்து பயிற்சி செய்கிறவர்களுக்கு அது வெகுவாகக் குறையும். நாற்பது தாண்டியவர், சர்க்கரை, பிரஷர், புகைப்பழக்கம் உள்ளவர், அப்பாவுக்கோ அண்ணனுக்கோ சின்ன வயதில் மாரடைப்பு வந்த வீட்டுக்காரர், இவர்களெல்லாம் என்னிடம் வருவதற்கு முன் இதய மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். டிரெட்மில் டெஸ்ட் நார்மல் என்று வந்தாலும் அது முழுப் பாதுகாப்பு ஆகாது. அடைப்பு பெரிதாக இல்லாத இடத்திலும் கொழுப்புப் படிவு வெடித்து மாரடைப்பு வரலாம். அதனால் அறிகுறியைக் கவனிப்பதும் முக்கியம். நம் ஊரில் பெரிய வில்லன் 'கேஸ்'. ஏற்றத்தில் நெஞ்சு இறுகும், தாடை வலிக்கும், இடது கை கனக்கும், வழக்கத்துக்கு மாறாக வியர்க்கும். டீக்கடையில் இறங்கி ஒரு சோடா குடித்து ஏப்பம் விட்டுவிட்டு மறுபடி ஏறுவார்கள். ஏறும்போது வந்து, நின்றால் அடங்கும் நெஞ்சுப் பாரத்தை வாயு என்று முடிவு செய்யும் உரிமை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஈசிஜி எடுக்க வேண்டும், அன்றைய சவாரி அத்தோடு முடிந்தது. அடங்கவே இல்லையென்றால் உடனே 108.

பிரஷருக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்கள் எவ்வளவு கடுமையாக உழைக்கிறோம் என்று கைக்கடிகாரம் துடிப்பை வைத்துக் காட்டும் மண்டலங்களை (ஸோன்) நம்பக்கூடாது. மாத்திரை துடிப்பையே அடக்கி வைத்திருக்கும். பேசிக்கொண்டே ஏற முடிகிறதா என்பதே அவர்களுக்குச் சரியான அளவுகோல். இன்னொன்று, சவாரிக்கு முன்னால் "சேஃப்டிக்கு" டைக்ளோஃபெனாக், ஐப்யூபுரோஃபென் மாதிரி ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் வழக்கம். உடம்பில் தண்ணீர் குறைந்த நேரத்தில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். முட்டி தரும் எச்சரிக்கையையும் அமுக்கிவிடும்.

ஏற்றத்தைப் பற்றியே பேசுகிறோம், இறக்கத்தில்தான் விழுகிறார்கள். டிசம்பரில் உறைபனி விழும் ஊர் ஊட்டி. காலையில் கூடலூர் பக்கமோ கோத்தகிரி பக்கமோ இறங்கினால் விரல் மரத்து, பிரேக் எவ்வளவு பிடிக்கிறோம் என்பதே தெரியாது. பல நாள் சவாரியில் ஹேண்டில்பாரில் உள்ளங்கை அழுந்தி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போய், சட்டைப் பட்டன் போட முடியாமல் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நரம்பு தேறப் பல வாரம் ஆகும். தடித்த கையுறை, ஹேண்டில்பாரில் அடிக்கடி பிடி மாற்றுவது, இரண்டும் அவசியம். சைக்கிளும் உங்களோடு சேர்ந்து வயதாகியிருக்கிறது. பக்கவாட்டில் வெடிப்பு விட்ட டயர், கெட்டியாகிப் போன பிரேக் கட்டை, துருப்பிடித்த கேபிள், இவற்றோடு மலை இறங்காதீர்கள். பால்கனி வெயிலில் கிடந்த ஹெல்மெட்டைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

சரி, போகலாமா வேண்டாமா? நான் வைக்கும் நிபந்தனை இதுதான். முதல் சில வாரம் சமதளம், பிறகு மருதமலை மாதிரிச் சின்ன ஏற்றங்கள். அக்டோபர் கடைசிக்குள் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு சனிக்கிழமை ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை ஏறுங்கள். திங்கள் காலை வீட்டு மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமல், முட்டி வலிக்காமல் இறங்க முடிந்தால் டிசம்பருக்கு முழு மனதோடு போங்கள். சனிக்கிழமை மட்டும் முடிந்து ஞாயிறு முடியவில்லையென்றால் பல நாள் சவாரிக்கு இன்னும் நேரம் வரவில்லை. அதற்குப் பதிலாக, சமவெளியில் 200 கிலோமீட்டர் பிரெவே (நேர வரம்புக்குள் முடிக்கவேண்டிய, பந்தயம் இல்லாத நெடுந்தூரச் சவாரி) ஒன்றை எடுங்கள். பதின்மூன்றரை மணி நேரம் கொடுக்கிறார்கள், நிதானமாக முடிக்கலாம்.

ஆகஸ்டில் நெருங்கிய சிநேகிதர் மாதிரி வந்துவிட்டு, அக்டோபரில் "இந்த வருஷம் வேண்டாங்க" என்று நான் சொன்னதும் முகத்தைத் தூக்கிக்கொண்டு வேறு பிசியோவைத் தேடிப் போனவர்கள் உண்டு. கட்டிய பணம் திரும்ப வராதே என்பதுதான் அவர்களுடைய பெரிய வாதம். வேறு சிலர் அந்த வருஷம் சப்போர்ட் வண்டியில் உட்கார்ந்து வாழைப்பழமும் தண்ணீரும் கொடுத்துவிட்டு, ஜனவரியிலேயே அடுத்த டிசம்பருக்கான பயிற்சி அட்டவணை கேட்டு போன் பண்ணியிருக்கிறார்கள். அவர்களுக்கு அட்டவணை போட்டுக் கொடுப்பது எனக்கு ரொம்பச் சுலபமான வேலை.