எக்ஸ்எம்எல் பதிலிலிருந்து சீட்டு எண்ணை எடுப்பது எப்படி?

ஈரோட்டு மஞ்சளை வியாபாரிகள் இணையவழியில் ஏலம் எடுக்க ஒரு செயலி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏலம் முடியப்போகும் கடைசி நிமிடங்களில் ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் விலை கோரினால் சர்வர் தாங்குமா என்பதை முன்கூட்டியே அறிய வேண்டும். கோயம்புத்தூரில் இப்பணியைச் செய்யும் பரிசோதகர், ஜேமீட்டர் போன்ற சுமைச் சோதனைக் கருவியில் ஒரு வியாபாரியின் செயல்களை ஒருமுறை பதிவுசெய்து, அந்த ஸ்கிரிப்டை ஆயிரம் பயனர்களின் பெயரில் ஓடவிடுவார்.

ஆனால் பதிவானதை அப்படியே ஓட்ட முடியாது. ஏலத்துக்கு வந்த ஒரு சரக்குத் தொகுதியை, அதாவது லாட்டைத் திறக்கும்போதெல்லாம் சர்வர் புதிய சீட்டு எண் ஒன்றைத் தருகிறது. விலை கோரும்போது அதே எண்ணைத் திருப்பி அனுப்ப வேண்டும். நேற்றைய எண் இன்று செல்லாது. ஆகவே ஒவ்வொரு பயனரும் தனக்கு வந்த பதிலிலிருந்து எண்ணை எடுத்து, மாறியில் வைத்து, அடுத்த கோரிக்கையில் சேர்க்குமாறு ஸ்கிரிப்டை அமைக்கிறார்கள். பரிசோதகர்கள் இதைக் கோரிலேஷன் என்பார்கள்.

தரவைப் பெயரிட்ட டேக்குகளுக்குள் பொதிந்து அனுப்பும் எக்ஸ்எம்எல் வடிவில் பதில் இப்படி வருகிறது (டேக் பெயர்களைத் தமிழிலேயே வைக்க எக்ஸ்எம்எல் இடம் தருகிறது):

<பட்டியல்>
<லாட் எண்="416" வகை="கிழங்கு"><சீட்டு>58213</சீட்டு></லாட்>
<லாட் எண்="417" வகை="விரலி"><சீட்டு>90351</சீட்டு></லாட்>
</பட்டியல்>

விரலி மஞ்சளின் சீட்டு வேண்டுமென்றால், பலரும் முதலில் நாடுவது ரெகுலர் எக்ஸ்பிரஷனை, அதாவது எழுத்துவரிசையின் அமைப்பைச் சொல்லித் தேடும் வாய்பாட்டை:

எண்="417" வகை="விரலி"><சீட்டு>([0-9]+)

இன்று இது வேலை செய்யும். நாளை சர்வர் வகையை முன்னும் எண்ணைப் பின்னும் எழுதினாலோ, இரட்டை மேற்கோளுக்குப் பதில் ஒற்றை மேற்கோள் இட்டாலோ, சீட்டுக்கு முன் வரி உடைந்தாலோ பொருத்தம் கிடைக்காது. இம்மாற்றங்கள் எவையும் சீட்டு எண்ணை மாற்றுவதில்லை. எழுத்துகளை மட்டும் பார்க்கும் எக்ஸ்பிரஷனுக்கு அது தெரியாது. எக்ஸ்எம்எல்லுக்குள் தேடுவதற்கென 1999இல் வெளியான எக்ஸ்பாத் மொழி, பதிலை ஒரு மரமாகக் கண்டு அதன் கிளைவழியே செல்கிறது:

//லாட்[@வகை='விரலி']/சீட்டு

எங்கிருந்தாலும் சரி, வகை விரலியாக உள்ள லாட்டின் கீழுள்ள சீட்டை எடு என்பதே இதன் பொருள். மதிப்புக்குள் '&' குறி இருந்தால் எக்ஸ்எம்எல்லில் அது ஐந்தெழுத்து மாற்றுக்குறியாக எழுதப்பட்டிருக்கும்; எக்ஸ்பாத் அதை மீண்டும் '&' ஆக்கியே தருகிறது. அம்மதிப்பை அடுத்த கோரிக்கையின் எக்ஸ்எம்எல்லுக்குள் வைப்பதானால் மறுபடியும் மாற்றுக்குறியாக்க வேண்டும், இல்லையேல் கோரிக்கையே உடைந்துவிடும்.

பலரும் தடுமாறும் இடம் நேம்ஸ்பேஸ், அதாவது டேக் பெயர் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று காட்டும் அடையாளம். வேர் டேக்கில் ஒரு இயல்பு நேம்ஸ்பேஸ் அறிவிக்கப்பட்டிருந்தால், உள்ளேயுள்ள சீட்டு டேக்கும் அதற்கே உரியதாகிவிடுகிறது. முன்னொட்டு இல்லாத பெயரை எந்த நேம்ஸ்பேஸிலும் இல்லாத பெயராகவே எக்ஸ்பாத் 1.0 கொள்வதால், கண்ணெதிரே சீட்டு இருந்தும் மேலேயுள்ள வரி வெறுங்கையோடு திரும்பும். நேம்ஸ்பேஸுக்கு ஒரு முன்னொட்டை அறிவித்துப் பயன்படுத்துவதே முறையான வழி; அவசரத்துக்கு //*[லோக்கல்-நேம்()='சீட்டு'] என்று உள்பெயரை மட்டும் பார்க்கச் சொல்லலாம் (கருவியில் அந்தச் சார்பின் பெயரை ஆங்கில எழுத்தில் இட வேண்டும்).

ஒன்றுக்கு மேல் பொருந்தினால் எதை எடுப்பது என்பதற்கு ஜேமீட்டரில் பொருத்த எண் உண்டு: 1 என்றால் முதலாவது, 0 என்றால் ஏதேனும் ஒன்று, -1 என்றால் அனைத்தும். ஏலத்தில் வியாபாரிகள் வெவ்வேறு லாட்டுகளைத் தேர்வதைப் போலச் செய்ய 0 மிகவும் பொருத்தமானது.

எதுவும் கிடைக்காத நிலைக்கு இயல்பு மதிப்பு ஒன்றைக் கட்டாயம் தர வேண்டும். "கிடைக்கவில்லை" என்பது போன்ற வெளிப்படையான சொல்லை இட்டு, அது மாறியில் இருந்தால் அந்தக் கோரிக்கையைத் தோல்வியாகக் குறிக்க அசெர்ஷன் (சரிபார்க்கும் நிபந்தனை) வைப்பதே நல்லது. பிழைச் செய்தியையும் வெற்றியைக் குறிக்கும் 200 என்ற நிலைக்குறியுடன் அனுப்பும் சர்வர்கள் உண்டு. அசெர்ஷன் இல்லையேல், செல்லாத சீட்டோடு போன ஆயிரம் கோரிக்கைகளும் வெற்றியாகப் பதிவாகும், ஏலப் பகுதியோ சோதிக்கப்பட்டே இருக்காது.

எக்ஸ்பாத்துக்கு ஒரு விலையும் உண்டு. முழுப் பதிலையும் நினைவகத்தில் மரமாகக் கட்டிய பிறகே அது தேடுகிறது. பதில் பெரிதாகவும் பயனர்கள் பலராகவும் இருந்தால், சுமையை உண்டாக்கும் கணினியே திணறி, அளந்த நேரங்கள் நம்பத்தகாதவை ஆகின்றன. நிபந்தனை ஏதுமின்றி ஒரே ஒரு மதிப்பு போதுமென்றால், இடது வலது எல்லைச் சொற்களுக்கு இடைப்பட்டதை எடுக்கும் பவுண்டரி எக்ஸ்ட்ராக்டர் ஜேமீட்டர் 4.0 முதல் இருக்கிறது, அது இலகுவானது. வகை பார்த்துத் தேர வேண்டிய இடத்தில் எக்ஸ்பாத்தை வைத்துக்கொண்டு, சோதனை ஓடும்போது அந்தக் கணினியின் சிபியு பயன்பாட்டையும் சர்வருடையதோடு சேர்த்தே கண்காணிக்க வேண்டும்.