நல்லா இருக்கிற ஆட்டுக்கு எதுக்குங்க ஊசி?

ஆட்டுக்கொல்லி நோய்க்குத் (பி.பி.ஆர்.) தடுப்பூசி முகாம் போடும் ஊர்களில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். "நல்லா மேஞ்சுக்கிட்டு இருக்கிற ஆட்டுக்கு எதுக்குங்க டாக்டர் ஊசி? போட்டா காய்ச்சல் வரும், சினை கலைஞ்சிடும்னு சொல்றாங்களே." நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு நின்றவாக்கில் ஒரு வரியில் பதில் சொல்ல முடிவதில்லை. கால்நடை மருத்துவம் என்ற படிப்பு எதற்காக உண்டானது என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

மாட்டுக்கு வைத்தியம் பார்ப்பது மிகப் பழைய தொழில். பாபிலோனில் ஹமுராபி மன்னர் இயற்றிய சட்டத்திலேயே மாட்டு வைத்தியருக்கு எவ்வளவு கூலி, மாடு செத்துப்போனால் அவர் எவ்வளவு ஈடு தர வேண்டும் என்று எழுதியிருக்கிறது. குதிரைக்குச் சாலிஹோத்திரர், யானைக்குப் பாலகாப்பியர் என்று நம் நாட்டில் ஆசிரியர்களின் பெயர் சொல்லி நூல்கள் வழங்கின. அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ ஏற்பாடு செய்யப்பட்ட நாடுகளின் வரிசையில் சோழரையும் பாண்டியரையும் சேர்த்தே சொல்கிறது. தமிழில் மாட்டு வைத்தியம் சொல்லும் மாட்டுவாகடச் சுவடிகள் உண்டு. இந்த அறிவையெல்லாம் நான் மதிக்கிறேன். மடிவீக்கத்துக்குச் சோற்றுக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசச் சொல்லி இன்றைக்கும் நாங்களே பரிந்துரைக்கிறோம். ஆனால் இந்த வைத்தியம் பெரும்பாலும் நோய் வந்த ஒரு மாட்டை, ஒரு குதிரையைக் குணமாக்கும் வழி. ஒரே வாரத்தில் ஊர் மாடு முழுக்கச் சாய்ந்தால் அது கைகொடுக்காது.

அப்படிச் சாய்த்த நோய்தான் வெக்கை என்ற மாட்டுக் கொள்ளைநோய், ஆங்கிலத்தில் ரிண்டர்பெஸ்ட். எழுபது வயதைத் தாண்டிய விவசாயிகளிடம் கேட்டுப் பாருங்கள், அந்தப் பெயரைச் சொன்னாலே முகம் மாறும். கடும் காய்ச்சல், கண்ணில் நீர், வாயெல்லாம் புண், நாற்றமடிக்கும் கழிச்சல். ஒரு வாரம், பத்து நாளில் கதை முடிந்துவிடும். 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் இது கோடிக்கணக்கான மாடுகளைக் கொன்றது. 1711இல் டால்மேஷியாவிலிருந்து (இன்றைய குரோவேஷியக் கடற்கரைப் பகுதி) ஓட்டிவந்த மந்தையிலிருந்து வழிதவறிய ஒரு மாடு வழியாகத்தான் இத்தாலியின் பதுவா பகுதிக்குள் நோய் நுழைந்தது என்று அப்போது அங்கிருந்த மருத்துவர் ராமாசினி பதிவு செய்திருக்கிறார். அது ரோம் வரை வந்ததும் போப்பாண்டவர் தம் மருத்துவர் லான்சிசியிடம் பொறுப்பைக் கொடுத்தார். நோய் கண்ட மாட்டைக் கொன்று சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதை, மாட்டை ஊர் விட்டு ஊர் ஓட்டாதே, சந்தையை மூடு: இதுதான் லான்சிசி போட்ட திட்டம். கிருமி என்ற ஒன்று நோயை உண்டாக்குகிறது என்பது நிரூபணமாவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே அவர் இவ்வளவு சரியாக யோசித்திருக்கிறார். மீறியவர்களுக்கு மரண தண்டனை வரை விதித்தார்கள் என்றால் பயம் எந்த அளவுக்கு இருந்திருக்கும்!

இந்தப் பயம்தான் பள்ளிக்கூடம் கட்ட வைத்தது. பிரான்சின் லியோன் நகரில் குதிரையேற்றப் பள்ளி நடத்திவந்த கிளாட் பூர்ஷலா 1761இல் அரசரின் அனுமதி பெற்று, அடுத்த ஆண்டே உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியைத் திறந்தார். படிக்க வந்த மாணவர்களைச் சீக்கிரமே கொள்ளைநோய் பரவிய கிராமங்களுக்கு அனுப்பினார்கள். இந்தியாவிலும் கதை இதேதான். மாட்டுக் கொள்ளைநோய்களை ஆராய்ந்த ஆணையம் 1871இல் அறிக்கை தந்தது. 1889இல் புனேயில் ஆய்வுக்கூடம் தொடங்கி, ஊர்களை விட்டுத் தள்ளியிருக்க வேண்டும் என்று 1893இல் இமயமலையின் முக்தேசுவருக்கு மாற்றினார்கள். 1903இல் சைதாப்பேட்டையில் 20 மாணவர்களோடு சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. பிறகு வேப்பேரிக்குப் போனது.

ஆப்பிரிக்காவைச் சொல்லாமல் போக முடியாது. 1880களின் இறுதியில் வெக்கை அந்தக் கண்டத்துக்குள் நுழைந்து பத்தே ஆண்டுகளில் தெற்கு முனை வரை போனது. பல இடங்களில் பத்தில் எட்டு, ஒன்பது மாடுகள் செத்தன. எத்தியோப்பியாவில் உழ மாடில்லாமல் பஞ்சம் வந்து, மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள். மாடு போனால் மனிதர் போவார் என்பதை வரலாறு இவ்வளவு கொடூரமாக வேறெங்கும் காட்டவில்லை என்பது என் எண்ணம்.

இவ்வளவு பெரிய நோய் இன்று உலகத்தில் இல்லை. முக்தேசுவர் ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி எட்வர்ட்ஸ் 1920களில் வெள்ளாட்டில் வளர்த்து வீரியம் குறைத்த தடுப்பூசி, பிறகு கென்யாவில் விஞ்ஞானி பிளவ்ரைட் ஆய்வுக்கூடத்து உயிரணுக்களில் வளர்த்து உருவாக்கிய திசு வளர்ப்புத் தடுப்பூசி, 1954இலிருந்து நம் நாட்டில் நடந்த ஒழிப்புத் திட்டம், கிராமம் கிராமமாகப் போய்த் தேடிய ஆட்கள் என்று பலரின் உழைப்பு அதில் இருக்கிறது. இந்தியாவின் கடைசி வெக்கை 1995இல் பதிவானது, அதுவும் நம் தமிழ்நாட்டில். 2011இல் உலகமே விடுபட்டதாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனித முயற்சியால் பூமியிலிருந்து துடைத்தெறியப்பட்ட இரண்டாவது நோய் இது. என் தொழிலில் நான் மிகவும் பெருமைப்படும் செய்தியும் இதுதான்.

சரி, ஆட்டுக்கு வருவோம். வெக்கைக் கிருமியின் நெருங்கிய சொந்தம் ஆட்டுக்கொல்லி நோய்க் கிருமி. மனிதருக்கு வரும் தட்டம்மைக் கிருமியும் அதே குடும்பம்தான். ஆட்டுக்கொல்லி மனிதருக்குத் தொற்றாது, அந்தப் பயம் வேண்டாம். இந்தியாவில் இந்த நோயை முதன்முதலில் உறுதி செய்தது 1987இல், விழுப்புரம் பக்கத்து அரசூரில். அங்கே எடுத்த கிருமியிலிருந்தே நம் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 'அரசூர் 87' என்ற தடுப்பூசியை உருவாக்கியது. வெக்கையை ஒழிக்கச் சாதகமாக இருந்த விஷயங்கள் இதற்கும் பொருந்தும். ஒரே வகைக் கிருமி, கொசுவோ உண்ணியோ பரப்புவதில்லை, பிழைத்த ஆடு கிருமியைச் சுமந்து திரிவதில்லை, ஒரு முறை ஊசி போட்டால் மூன்று ஆண்டுகளாவது தாங்கும். அதனால்தான் 2030க்குள் இதையும் உலகத்திலிருந்தே ஒழிப்பதென்று 2015இல் ஐவரி கோஸ்டின் அபிஜான் நகரில் நாடுகள் கூடி முடிவெடுத்தன.

ஊசி போட்டால் ஒரு நாள் லேசாகக் காய்ச்சல் அடிக்கலாம், தானே போய்விடும். சினை ஆட்டுக்கும் இந்தத் தடுப்பூசி கேடு செய்வதில்லை. நிறைசினை ஆட்டை விரட்டிப் பிடித்துக் கீழே தள்ளுவதுதான் ஆபத்து, அதை மெதுவாகப் பிடித்துக் கொடுங்கள். "எல்லா ஆட்டையும் ஒரே நேரத்தில் பட்டியில் வைங்க" என்று நாங்கள் கெஞ்சுவதற்கும் காரணம் உண்டு. மருந்து உறைய வைத்து உலர்த்திய தூளாக, குப்பியின் அடியில் சின்ன வில்லை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். உள்ளே இருப்பது உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமி. அதில் திரவத்தைக் கலந்த நிமிடத்திலிருந்து அது வெப்பத்தில் சாகத் தொடங்கும். ஐஸ் பெட்டியில் வைத்திருந்தாலும் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடித்தாக வேண்டும். "மேய்ச்சலுக்குப் போயிருக்கு, சாயங்காலம் வாங்க" என்றால் மிச்ச மருந்து வீண். அதைவிடக் கெடுதல், செத்த மருந்தைப் போட்டுவிட்டு ஆடு பாதுகாப்பாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பது.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறு இடத்தில். பட்டியில் ஒரு ஆடு சுணங்கினால் அன்றைக்கே மற்ற ஆடுகளைச் சந்தைக்கு ஓட்டிவிடுகிறார்கள். விற்பவரின் கஷ்டம் புரிகிறது, கடன் வாங்கி வாங்கிய ஆடு. ஆனால் வெளியே நன்றாகத் தெரியும் ஆடு உள்ளுக்குள் கிருமியோடு இருக்கலாம். தொற்றி நாலைந்து நாள் கழித்துத்தான் காய்ச்சலே தெரியும். சந்தையில் அதன் பக்கத்தில் நின்று மூச்சு விட்ட ஆடுகள் அன்று மாலையே பல ஊர்களுக்குப் பிரிந்து போய்விடும். 1920இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போன மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் தங்கியதால்தான் அங்கே வெக்கை வெடித்தது. உலக விலங்கு சுகாதார அமைப்பு 1924இல் உருவாக அதுவே தூண்டுதல். கப்பலில் போனாலும் மினி டெம்போவில் போனாலும் நோய் இப்படித்தான் ஊர் மாறுகிறது. அறுவடை முடிந்து கிடை போட மாவட்டம் தாண்டிப் போகிறவர்கள், கிளம்புவதற்குச் சில வாரம் முன்னதாகவே ஊசி போட்டுவிடுங்கள். சந்தையில் புதிதாக வாங்கி வந்த ஆட்டை மூன்று வாரமாவது தனியே கட்டுங்கள், தண்ணீர்த் தொட்டியும் தனியாக இருக்கட்டும்.

ஆடு தலையைத் தொங்கப் போட்டு நிற்கிறது, மூக்குச் சளி காய்ந்து துவாரத்தை அடைத்திருக்கிறது, இமைகள் பீளையால் ஒட்டியிருக்கின்றன, ஈறில் தவிடு தூவியது போல வெண்மை, வால் கழிச்சலில் நனைந்திருக்கிறது என்றால் உடனே பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். இல்லையென்றால் 1962க்குக் கூப்பிடுங்கள், கட்டணமில்லை. கிருமியை நேரடியாகக் கொல்லும் மருந்து கிடையாது. கூடவே வரும் சளிக்காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும்தான் வைத்தியம், அதோடு வாய்ப்புண் ஆறும்வரை கஞ்சி. சமீபத்தில் ஆடு வாங்கினீர்களா, எத்தனை செத்தன, எங்கே மேய்த்தீர்கள் என்று நாங்கள் கேட்பது குறை கண்டுபிடிக்க அல்ல. பரிசோதனைக்குக் கிருமி நன்றாகக் கிடைப்பது காய்ச்சல் அடிக்கும் நேரத்து மூக்குச் சளியிலும் கண்ணீரிலும்தான். அதனால் நாலு ஆடு செத்த பிறகு கூப்பிடுவதற்குப் பதில், முதல் ஆடு இரை எடுக்காமல் நிற்கும் அன்றைக்கே கூப்பிடுங்கள்.