நிலவுகளின் எண்ணிக்கையோடு ஆண்டையும் சொல்லிக் கொடுங்கள்

சென்ற ஆண்டு ஒரு பள்ளி விநாடி வினாவுக்கு நடுவராகப் போயிருந்தேன். "சூரியக் குடும்பத்தில் அதிக நிலவுகள் கொண்ட கோள் எது?" என்பது கேள்வி. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தயங்காமல் "சனி" என்றாள். விடைத்தாளில் வியாழன் என்று இருந்ததால், தவறு என்று சொல்லிவிட்டு அடுத்த அணியிடம் போய்விட்டார்கள். அந்தப் பெண் மேசையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து போட்டியை நிறுத்தி, அவளுக்கு மதிப்பெண் கொடுக்கச் சொன்னேன்.

பள்ளிகளுக்குத் தொலைநோக்கி கொண்டுபோய் வானத்தைக் காட்டுவது என் வேலை. இதே பிழையைப் பல ஊர்களில் பார்த்துவிட்டேன். விடைத்தாள் தயாரித்தவர் பொய் எழுதவில்லை. பழைய கைடைப் பார்த்து எழுதியிருக்கிறார். 2019இன் தொடக்கத்தில் வியாழனுக்கு 79, சனிக்கு 62. அந்த அக்டோபரில் சனிக்கு ஒரே அறிவிப்பில் 20 கூடி 82 ஆயின. 2023 பிப்ரவரியில் வியாழன் 92ஐத் தொட்டு மீண்டும் முந்தியது. மூன்றே மாதம்தான், மே மாதம் முடிவதற்குள் சனி 140ஐத் தாண்டிவிட்டது. 2025 மார்ச்சில் மேலும் 128 சேர்ந்து 274. இந்த நிலவுகள் புதிதாகப் பிறந்தவை அல்ல. பெரும்பாலும் சில கிலோமீட்டர் அகலமே உள்ள பாறைத் துண்டுகள். ஹவாயின் மவுனா கீ மலை உச்சியில் உள்ள தொலைநோக்கியில் ஒரே இரவில் பல படங்கள் எடுத்து, சனி நகரும் வேகத்துக்கு ஏற்ப அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அந்த மங்கிய புள்ளிகள் தெரியும். அதன்பின் ஆண்டுக் கணக்கில் பின்தொடர்ந்து, சனியைத்தான் சுற்றுகிறது என்று உறுதியானால்தான் பட்டியலில் இடம்.

மாறாதவையும் உண்டு. புதனுக்கும் வெள்ளிக்கும் நிலவு இல்லை. புதன் சூரியனுக்கு மிக அருகில் இருப்பதால், தனக்கென ஒரு நிலவைப் பிடித்து வைத்துக்கொள்ளும் எல்லை அதற்கு மிகச் சிறியது. பூமிக்கு ஒன்று, செவ்வாய்க்கு இரண்டு. செவ்வாயின் நிலவுகளை 1877இல் அமெரிக்க வானியலாளர் ஆசாப் ஹால் கண்டுபிடித்தார். தேடலைக் கைவிட இருந்தவரைத் தொடரச் சொல்லி ஊக்கப்படுத்தியவர் அவருடைய மனைவி ஏஞ்சலின் ஸ்டிக்னி. அந்த இரண்டில் ஒன்றான ஃபோபோஸ் நிலவின் மிகப் பெரிய பள்ளத்துக்கு ஸ்டிக்னி என்றே பெயர். இதைச் சொல்லாமல் நான் எந்த வகுப்பையும் முடிப்பதில்லை. மற்ற இரண்டு கோள்களின் கணக்கு அப்படி நிலையானதல்ல. நெப்டியூனுக்கு 2024 கணக்குப்படி 16. யுரேனஸுக்கு 28 என்றிருந்தது. 2025 ஆகஸ்டில் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்களில் இன்னொன்று தெரிந்ததாக அறிவித்தார்கள்.

ஆசிரியர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கரும்பலகையில் 274 என்று எழுதினால் பக்கத்திலேயே 2025 என்றும் எழுதுங்கள். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வியாழனின் நான்கு பெரிய நிலவுகளைப் பார்க்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் பைனாகுலரே போதும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் முழங்கைகளை ஊன்றிக்கொண்டால் படம் ஆடாது. வெள்ளியைப் பார்க்க விரும்பினால் சூரியன் முழுவதும் மறைந்த பிறகே பைனாகுலரைக் கையில் கொடுங்கள். அதன் வழியே சூரியனை ஒரு நொடி பார்த்தாலும் கண் கெட்டுவிடும்.

ஒரு முறை பள்ளி மைதானத்தில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தொலைநோக்கியில் வியாழனைப் பார்த்துவிட்டு, "சார், மூணுதான் இருக்கு, புத்தகத்துல நாலுன்னு போட்டிருக்கு" என்றான். அந்த நான்கு நிலவுகளில் ஒன்றான அயோ அப்போது வியாழனுக்குப் பின்னால் போயிருந்தது. காத்திருக்கச் சொன்னேன். மற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகும் அவனும் அவன் அப்பாவும் நின்றார்கள். வியாழனின் விளிம்புக்குச் சற்று அப்பால், ஒன்றுமே இல்லாத கருமையில், ஒரு புள்ளி சில நிமிடங்களில் மெல்லத் துலங்கி வந்தது. கோளின் நிழலிலிருந்து அயோ வெளியே வருகிறது. இப்படி அயோ மறைந்து வெளிப்படும் நேரங்களைக் குறித்துவைத்துத்தான், ஒளி பயணம் செய்யவும் நேரம் பிடிக்கிறது என்று டென்மார்க் வானியலாளர் ஓலே ரோமர் 1676இல் சொன்னார் என்று அவனிடம் விளக்கினேன். அவன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அப்பாவின் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்து, நோட்டில் மணியைக் குறித்துக்கொண்டிருந்தான்.